என்டெபே விமானக் கடத்தல்: ஆறே மாதத்தில் எடுத்த டிவி படத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: 'ரெய்டு ஆன் என்டெபே' என்ற 1977 ஆம் ஆண்டு டிவி படத்தைப் பார்த்தேன். அதில் வருவதெல்லாம் அப்படியே நடந்ததா? அதற்கு ஒரு மாதம் முன்பே இதே சம்பவத்தை வைத்து இன்னொரு டிவி படமும் வந்ததாமே, ஏன் அவ்வளவு அவசரம்?

முதலில் நேரடியான பதில். இஸ்ரேலில் அமைச்சர்கள் உட்கார்ந்து பேசும் காட்சிகளையும், விமான நிலையக் கூடத்தில் பயணிகள் படும் பாட்டையும் பெருமளவு நம்பலாம். கமாண்டோக்களின் காட்சிகளைப் பாதி நம்பலாம். உகாண்டாவிலும் கென்யாவிலும் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள இந்தப் படம் போதாது. காரணம் இயக்குநரின் திறமைக் குறைவு அல்ல, அந்தப் படம் எடுக்கப்பட்ட நேரம். மீட்பு நடந்து ஆறு மாதத்தில் ஒளிபரப்பான படம் அது. அந்த ஆறு மாதத்தில் வெளியே வந்த தகவல் எதுவோ, அதுதான் திரைக்கதை.

சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976 ஜூன் 27, ஞாயிற்றுக்கிழமை. டெல் அவிவிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் பாரிஸ் போகவேண்டிய ஏர் பிரான்ஸ் 139. ஏதென்ஸில் ஏறிய நான்கு பேர் விமானத்தைக் கைப்பற்றினார்கள். இரண்டு பேர் வாடி ஹதாத்தின் பாலஸ்தீனக் குழுவைச் சேர்ந்தவர்கள். மற்ற இருவர் வில்ஃப்ரீட் போஸ, பிரிகிட்டே குல்மான் என்ற மேற்கு ஜெர்மானியர்கள், 'புரட்சிகர அணுக்கள்' என்ற இடதுசாரி ஆயுத அமைப்பின் ஆட்கள். லிபியாவின் பெங்காசியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மறுநாள் உகாண்டாவின் என்டெபேயில் இறங்கினார்கள். அங்கே அதிபர் இடி அமீனின் ராணுவம் பயணிகளுக்குக் காவல் என்ற பெயரில் கடத்தல்காரர்களுக்குத் துணை நின்றது. 53 கைதிகளை விடவேண்டும் என்பது கோரிக்கை. அவர்களில் 40 பேர் இஸ்ரேல் சிறைகளில் இருந்தார்கள். கூடவே 50 லட்சம் டாலரும் கேட்டார்கள். இரண்டு தவணையாகச் சுமார் 150 பேரை விடுவித்தார்கள். மிஞ்சியவர்கள், விமான ஊழியர்கள் 12 பேரையும் சேர்த்து, நூற்றுச் சொச்சம் பேர். ஜூலை 3 நள்ளிரவை ஒட்டி இஸ்ரேலின் நான்கு ஹெர்குலிஸ் ராணுவச் சரக்கு விமானங்கள் சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து வந்து என்டெபேயில் இறங்கின. ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. 102 பேர் உயிரோடு மீண்டார்கள்.

இப்போது அவசரத்துக்கு வருவோம். செய்தி வெளியான நாள் ஜூலை 4. அன்றுதான் அமெரிக்கா தன் 200 ஆவது சுதந்திர தினத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. வியட்நாமிலிருந்து தோற்று வெளியேறி ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த மனநிலையில், தூர தேசத்தில் போய் இறங்கி ஆட்களை மீட்டுக்கொண்டு திரும்பிய ஒரு படையின் கதை அமெரிக்கர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில நாட்களுக்குள் ஸ்டுடியோக்கள் வரிசை கட்டின. முதலில் யார் திரைக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதே போட்டி. சினிமா தியேட்டருக்குப் படம் எடுத்து முடிக்க ஒரு வருடமாவது வேண்டும். டிவிக்கு அவ்வளவு வேண்டாம். அதனால் ஏபிசி, என்பிசி இரண்டு தொலைக்காட்சிகளும் முந்திக்கொண்டன.

ஏபிசியின் 'விக்டரி அட் என்டெபே' 1976 டிசம்பர் 13 அன்று ஒளிபரப்பானது. இயக்கம் மார்வின் சோம்ஸ்கி. ஃபிலிமில் எடுக்க நேரமில்லை என்று வீடியோ டேப்பிலேயே எடுத்தார்கள். பார்த்தால் உடனே தெரியும், ஒளியெல்லாம் தட்டையாக, ஸ்டுடியோவுக்குள் நடக்கும் நாடகம் மாதிரி இருக்கும். குறையை ஈடுகட்ட நட்சத்திரங்களை அள்ளிக் கொட்டினார்கள். இஸ்ரேல் பிரதமர் ரபீனாக அந்தோனி ஹாப்கின்ஸ், பாதுகாப்பு அமைச்சர் ஷிமோன் பெரெஸாக பர்ட் லங்காஸ்டர், கமாண்டோ குழுத் தலைவர் யோனாத்தான் நெத்தன்யாகுவாக ரிச்சர்ட் டிரைஃபஸ், போஸயாக ஹெல்முட் பெர்கர். எலிசபெத் டெய்லரும் கிர்க் டக்ளஸும் ஒரு பணயக்கைதிப் பெண்ணின் பெற்றோராகக் கொஞ்ச நேரம் வந்து கலங்கிவிட்டுப் போகிறார்கள். மகளாக லிண்டா பிளேர். இந்தக் குடும்பம் நடிகர்களுக்கு இடம் கொடுப்பதற்காகவே எழுதப்பட்டது என்பது என் எண்ணம்.

அந்தப் படப்பிடிப்பில் ஒரு துயரமும் நடந்தது. இடி அமீனாக நடிக்க இருந்தவர் காட்ஃப்ரே கேம்பிரிட்ஜ் என்ற நகைச்சுவை நடிகர். ஒளிபரப்புக்கு இரண்டு வாரம் இருக்கையில், நவம்பர் 29 அன்று, படப்பிடிப்புத் தளத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். அவர் இடத்தில் ஜூலியஸ் ஹாரிஸைப் போட்டு, சொன்ன தேதியில் படத்தைக் கொடுத்தார்கள். நாயகன் மாதிரி முக்கியமான பாத்திரத்தில் நடித்தவர் செத்தும் தேதி தள்ளிப்போகவில்லை என்றால், அந்தப் போட்டி எந்த அளவில் இருந்தது என்று புரியும். 'கடவுள் கொடுத்த தண்டனை' என்ற பொருளில் அமீன் இதைப் பற்றிச் சொன்னதாகவும் பதிவு இருக்கிறது. அமீனை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

நீங்கள் பார்த்தது இரண்டாவது படம். என்பிசி, 1977 ஜனவரி 9. இயக்குநர் இர்வின் கெர்ஷ்னர். சில ஆண்டுகள் கழித்து 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' எடுத்தாரே, அவர்தான். ஒரு மாதம் பிந்தி வந்தாலும் இதுவே நின்ற படம். சிறந்த டிவி படத்துக்கான கோல்டன் குளோப் விருதும் இதற்குத்தான் கிடைத்தது. நல்ல நடிகர்கள் மட்டும் காரணமல்ல. சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு, முடிவெடுப்பதையே கதையாக்கியதுதான் கெர்ஷ்னர் செய்த புத்திசாலித்தனம்.

அந்த அமைச்சரவைக் காட்சிகளை ஏன் நம்பலாம் என்கிறேன்? அரசியல்வாதிகள் பேசக்கூடியவர்கள். மீட்பு வெற்றியடைந்தவுடன் அதில் பங்கெடுத்த ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்துச் சொல்ல ஆர்வமாக இருந்தார்கள். அதனால் அறைக்குள் நடந்தது சீக்கிரமே வெளியே வந்துவிட்டது. படத்தில் காட்டுவதுபோலவே, ரபீன் தொடக்கத்தில் படையை அனுப்பத் துடிக்கவில்லை. ராணுவ வழி ஏதாவது இருக்கிறதா என்று தலைமைத் தளபதி மோட்டா குரைக் கேட்டபோது உருப்படியான பதில் கிடைக்கவில்லை. கடத்தல்காரர்கள் வைத்த கெடு ஜூலை 1 அன்று முடியவிருந்தது. பேச்சுவார்த்தைக்குத் தயார் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. எதிர்க்கட்சித் தலைவர் மெனாகெம் பெகின்கூட அதை ஆதரித்தார். கடும்போக்குக்காரர் என்று பெயரெடுத்த பெகின் கைதிகளை விடச் சம்மதித்தார் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

நிலைமையை மாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, கெடு ஜூலை 4 வரை நீண்டது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டுக்காக அமீன் மொரிஷியஸ் போகவேண்டியிருந்தது. இன்னொன்று, விடுவிக்கப்பட்டு பாரிஸ் வந்து சேர்ந்த பயணிகள். எத்தனை பேர் காவல், எங்கே நிற்கிறார்கள், கதவு எந்தப் பக்கம் என்று அவர்கள் சொன்னவைதான் திட்டத்துக்கு உயிர் கொடுத்தன. பணயக்கைதிகள் இருந்த பழைய முனையக் கட்டடத்தைக் கட்டியதில் ஓர் இஸ்ரேலிய நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது என்பதும் உதவியது. குர் கடைசிவரை தயங்கினார். வெள்ளிக்கிழமை இரவு ஹெர்குலிஸில் தானே ஏறி, இருட்டில் சோதனையாகத் தரையிறங்கிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை அமைச்சரவை இறுதி ஒப்புதல் தரும்போது விமானங்கள் ஏற்கெனவே தெற்கே பறந்துகொண்டிருந்தன. வேண்டாம் என்று முடிவானால் பாதி வழியில் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. இதைக் கதாசிரியர் எவராவது கற்பனையாக எழுதியிருந்தால் மிகையாக இருக்கிறது என்று அடித்திருப்பார்கள்.

ரபீனாக நடித்த பீட்டர் ஃபின்ச்சைக் கவனித்துப் பார்த்திருப்பீர்கள். குரலை உயர்த்தாமல், முகத்தில் தூக்கமின்மையைச் சுமந்துகொண்டு வருகிறார். அதுதான் அவருடைய கடைசிப் பாத்திரம். ஒளிபரப்பான ஐந்தாம் நாள், ஜனவரி 14 அன்று, அவர் காலமானார். 'நெட்வொர்க்' படத்துக்கான சிறந்த நடிகர் ஆஸ்கர் அவர் இறந்த பிறகுதான் வந்தது. உண்மையான ரபீனின் கதையும் அவ்வளவு ஒளிமயமாகத் தொடரவில்லை. படம் ஒளிபரப்பாகி மூன்று மாதத்துக்குள், மனைவி பெயரில் இருந்த அமெரிக்க வங்கிக் கணக்கு விவகாரத்தில் பதவியை விட்டு விலக நேர்ந்தது. 1979 இல் எழுதிய தன் வரலாற்றில் பெரெஸை அவர் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். மீட்பின் பெருமை யாருக்கு என்ற சண்டை இருவருக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடியது. படத்தில் இருவரும் கருத்து வேறுபாடு கொண்ட சக அமைச்சர்களாகத்தான் தெரிகிறார்கள். உள்ளே இருந்த கசப்பு அதைவிட அதிகம்.

அடுத்து கூடம். பயணிகளைப் பிரிக்கும் காட்சிதான் இந்தக் கதையைச் சொல்லும் எல்லாப் படங்களிலும் மையமாக நிற்பது. ஒரு ஜெர்மானியன் பெயர்களை வாசிக்கிறான், சிலர் வேறு அறைக்குப் போகிறார்கள். போர் முடிந்து 31 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாஜி முகாமிலிருந்து தப்பியவர்களும் அந்தப் பயணிகளில் இருந்தார்கள். ஒருவர் தன் கையில் பச்சை குத்தப்பட்ட முகாம் எண்ணைப் போஸயிடம் காட்டியதும், 'நான் நாஜி இல்லை' என்று போஸ பதில் சொன்னதும் பின்னாளில் தப்பி வந்தவர்கள் சொன்ன செய்தி. இந்தக் காட்சியின் உணர்ச்சி பொய்யல்ல. ஆனால் யூதர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள் என்று பொதுவாக நினைவில் நிற்பது துல்லியமல்ல. பிரிப்பு முக்கியமாக இஸ்ரேலியப் பாஸ்போர்ட்டை வைத்து நடந்தது. கூடவே வேறு நாட்டு யூதர்கள் சிலரும் அந்தப் பக்கம் தள்ளப்பட்டார்கள். பிற நாட்டு யூதர்கள் பலர் மற்றவர்களோடு விடுவிக்கப்பட்டார்கள். உள்ளே இருந்தவர்களே இதைப் பின்னர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறையில் இருந்தவர்களுக்கு அப்போது இந்த வேறுபாடு ஆறுதலாக இருந்திருக்காது, அது வேறு விஷயம்.

கேப்டன் மிஷெல் பாகோஸ் விஷயத்தில் படம் சொல்வது முழு உண்மை. விமான ஊழியர்களை விட்டுவிடுவதாகச் சொன்னபோது, பயணிகள் இருக்கும்வரை நாங்களும் இருப்போம் என்று அவரும் மற்ற 11 பேரும் தங்கிவிட்டார்கள். பிரான்ஸ் அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுத்தது. 2019 இல் காலமானார்.

இடி அமீனாக யாஃபெட் கோட்டோ. என் பார்வையில் படத்தின் உச்சம் இவர்தான், எம்மி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். அமீனைக் கோமாளியாக நடிப்பது சுலபம், அந்தக் காலத்து மேற்கத்திய ஊடகங்கள் அப்படித்தான் காட்டின. கோட்டோவின் அமீன் சிரிக்கும்போது கூடத்தில் உள்ளவர்கள் சேர்ந்து சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிக்கிறார்கள். உண்மையான அமீனும் அப்படித்தான் கைதிகளைப் பலமுறை நேரில் வந்து பார்த்தார், ஷலோம் சொன்னார், தானே அவர்களைக் காப்பாற்றுவதாகப் பேசினார். ஒரு காலத்தில் இஸ்ரேலின் நண்பர் அவர். இஸ்ரேலிய பாராசூட் படையின் சின்னத்தைச் சீருடையில் குத்திக்கொள்வார். 1972 இல் உறவை முறித்தார். அதே ஆண்டு, இந்திய வம்சாவளியினர் உள்பட ஆசியர்களை 90 நாள் கெடு வைத்து நாட்டைவிட்டுத் துரத்தினார். ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டியும் குழந்தைகளுமாக விமானம் ஏறியது இதே என்டெபேயில்தான். எந்தப் படத்திலும் இது வராது. நாம் பார்க்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கமாண்டோ தாக்குதலுக்கு வருகிறேன். இங்கேதான் அவசரம் படத்தைக் காலை வாரிவிடுகிறது. கட்டடத்துக்குள் நுழைந்தது சயரெத் மட்கல் என்ற சிறப்புப் படை. அப்படி ஒரு படை இருப்பதையே இஸ்ரேல் அன்று வெளியே பேசாது. சார்லஸ் பிரான்சனைப் பெரிய நட்சத்திரம் என்று போட்டாயிற்று, அவர் ஏற்றிருப்பது டான் ஷோம்ரோன் பாத்திரம். ஷோம்ரோன் ஒட்டுமொத்த நடவடிக்கைக்கும் தளபதி, அது சரி. கூடத்துக்குள் பாய்ந்த குழுவின் தலைவர் யோனாத்தான் நெத்தன்யாகு, வயது 30, இன்று உலகம் அறிந்த பெஞ்சமின் நெத்தன்யாகுவின் அண்ணன். படத்தில் ஸ்டீபன் மாக்ட் அவராக வருகிறார். அந்தத் தாக்குதலில் இறந்த ஒரே இஸ்ரேலிய வீரர் யோனாத்தான்தான். அவரைச் சுட்டது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்த உகாண்டா வீரரா, கட்டடத்துக்கு அருகில் இருந்த வேறொருவரா என்பதில் இன்றுவரை சக வீரர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கறுப்பு மெர்சிடிஸ் தந்திரம் உண்மை. அமீனின் வாகன அணி போல வேடமிட்டு மெர்சிடிஸும் லேண்ட் ரோவர்களும் முதல் விமானத்திலிருந்து இறங்கின. அமீன் சமீபத்தில்தான் வெள்ளைக் காருக்கு மாறியிருந்தார், அதனால் காவலருக்குச் சந்தேகம் வந்தது என்றொரு கதை நிறையப் பேர் சொல்வார்கள். குழுவின் துணைத் தலைவர் மூக்கி பெட்சர் வேறுமாதிரி சொல்கிறார். அந்தக் காவலர் துப்பாக்கியை உயர்த்தியது உகாண்டா ராணுவத்தின் வழக்கமான சைகை, அவர்கள் பாட்டுக்குக் கடந்து போயிருக்கலாம், அங்கே சுட்டதால்தான் ரகசியம் உடைந்தது என்பது அவர் வாதம். யோனாத்தானின் குடும்பத்தார் இதை ஏற்பதில்லை. 1977 இல் படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சர்ச்சையே காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் படத்தில் எல்லாம் திட்டப்படி சீராக நடக்கிறது. உண்மையில் நிறையப் பிசகியது. கூடத்துக்குள் படுக்கச் சொல்லிக் கத்தியபோது எழுந்து நின்ற 19 வயது இளைஞர் ஒருவரைக் கடத்தல்காரர் என்று நினைத்து மீட்க வந்தவர்களே சுட்டுவிட்டார்கள். இன்னும் இரண்டு பணயக்கைதிகளும் சண்டையில் உயிரிழந்தார்கள்.

படத்தில் சில்வியா சிட்னி நடித்த முதியவள், டோரா பிளாக். வயது எழுபதைத் தாண்டியவர், பிரிட்டிஷ் குடியுரிமையும் உள்ளவர். உணவு தொண்டையில் சிக்கியதால் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மீட்புப் படை வந்தபோது அவர் அங்கே இருந்தார். மறுநாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு ஆளே காணவில்லை. எங்களுக்குத் தெரியாது என்றது உகாண்டா. பிரிட்டன் அந்த ஜூலை மாதக் கடைசியிலேயே தூதரக உறவை முறித்துக்கொண்டது. அவர் கொல்லப்பட்டார் என்று படம் எடுக்கும்போதே எல்லோரும் நம்பினார்கள், ஆனால் உடல் கிடைத்தது 1979 இல், அமீன் ஆட்சி கவிழ்ந்த பிறகுதான்.

கென்யா விஷயம் இன்னும் பெரிய விடுபடல். திரும்பும் வழியில் விமானங்கள் நைரோபியில் இறங்கி எரிபொருள் நிரப்பின, காயம்பட்டவர்களுக்கு அங்கே சிகிச்சையும் கிடைத்தது. அந்த வசதி இல்லாமல் இந்தத் திட்டமே இல்லை. ஆனால் கென்யா அரசு தனக்கு உடந்தை இல்லை என்றே அன்று சொல்லிக்கொண்டிருந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. அமீன் பழி தீர்த்தது அங்கேதான். உகாண்டாவில் வாழ்ந்த கென்யர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன, ஆயிரக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். இஸ்ரேலுக்கு உதவியதாகக் கருதப்பட்ட முன்னாள் கென்ய அமைச்சர் புரூஸ் மெக்கென்சி, 1978 இல் அமீனைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் வழியில் விமானத்தில் வெடித்த குண்டுக்குப் பலியானார். அன்று இரவு என்டெபேயில் இறந்த உகாண்டா வீரர்கள் சுமார் 45 பேர் என்று சொல்லப்படுகிறது. அவர்களில் பலர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நின்ற சாதாரணச் சிப்பாய்கள். இரண்டு டிவி படங்களிலும் அவர்கள் சுடப்பட்டு விழுவதற்காக மட்டுமே வருகிறார்கள்.

படங்கள் ஐரோப்பாவில் தியேட்டர்களுக்கும் போயின. மேற்கு ஜெர்மனியில் ஏபிசி படம் திரையிடப்பட்ட நேரத்தில் 'புரட்சிகர அணுக்கள்' ஆட்கள் தியேட்டருக்குத் தீ வைக்க முயன்றார்கள். தங்கள் தோழர்கள் இறந்ததை வெற்றி என்று கொண்டாடும் படம் ஓடக்கூடாது என்பது அவர்கள் நிலை. செய்தி ஆறும் முன் எடுத்த படத்துக்கு இப்படியும் ஒரு விலை இருந்தது.

எதைப் பார்ப்பது என்று கேட்டால், கெர்ஷ்னர் படத்தையே முதலில் சொல்வேன், நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். அடுத்து 1977 இலேயே வந்த இஸ்ரேலியப் படம் 'ஆபரேஷன் தண்டர்போல்ட்', மெனகெம் கோலன் இயக்கியது. இது டிவி படம் அல்ல, தியேட்டருக்கு எடுத்தது. இஸ்ரேலிய ராணுவத்தின் ஒத்துழைப்போடு எடுத்ததால் விமானம், ஆயுதம், அசைவு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். தாக்குதல் எப்படி நடந்தது என்று பார்க்க இதுவே மேல். ஆனால் அரசு உதவியோடு எடுத்த படம் அரசை எந்த இடத்திலும் சங்கடப்படுத்தாது. போஸயாக வரும் கிளாஸ் கின்ஸ்கி மட்டும் யாருக்கும் கட்டுப்படாமல் நடித்திருக்கிறார்.

2018 இல் பிரேசில் இயக்குநர் ஜோஸே பாடில்லா எடுத்த படமும் இருக்கிறது. நாற்பது ஆண்டு ஆராய்ச்சி கையில் இருந்தும், ஜெர்மானியர் இருவரின் மனக்குழப்பத்திலேயே நேரம் போய்விடுகிறது, நடுவில் நடனம் வேறு. தகவலில் முந்தைய படங்களைவிட ஒருபடி மேல், விறுவிறுப்பில் பின்தங்கிய படம். ஹாப்கின்ஸையும் லங்காஸ்டரையும் ஒரே மேசையில் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் ஏபிசி படத்துக்குப் போங்கள்.